அப்பிள் மரத்தில் அறைந்த அறிவித்தல்

முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சமையலறையில் இருபத்தைந்து வருடமாகக் கத்தி பிடித்த கை, பேனையையும் கத்தி மாதிரியே அமத்திப் பிடிக்கிறது. வாசிக்க முடியாத இடம் வந்தால் நீங்களே எதையாவது இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். எங்கள் ஹைமில் ஒருவர் ஒரு முழுப் படத்தையே அப்படி இட்டு நிரப்பினார். அந்தக் கதையை எழுதத்தான் இந்தக் கொப்பியை வாங்கினேன்.

உங்களில் பலர் என்னைப் போலத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜெர்மனிக்கு வந்து, அகதிகள் விடுதிகளில் சிறுவர்களாக இருந்தவர்கள். ஹைம் என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்களுடையது ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போய், பிறகு பஸ் எடுத்து, பிறகு ஒரு மேட்டில் ஏறிப் போக வேண்டிய இடம். முன்பு அது ஒரு சாப்பாட்டுக் கடையாக இருந்ததாம். வாசலில் மான் தலை வரைந்த பலகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சுவருக்குள் ஊறிப்போன பழைய பியர் மணம். அதற்கு மேல் எங்கள் அம்மா வறுக்கும் மிளகாய்ச் சரக்குத்தூள் மணம். இரண்டும் சேர்ந்தால் எனக்கு இப்போதும் தும்மல் வரும், உடனே சந்தோசமும் வரும்.

சந்தோசத்துக்குக் காரணம் அந்தப் படம்.

ஊரார் வேண்டாத பெரிய சாமான்களைத் தெருவோரம் வைக்கும் நாள் ஒன்று இருக்கிறதல்லவா? அப்படி ஒரு நாளில் எங்கள் மாடியில் தனியாக இருந்த ஒரு மாமா தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். பின்னால் பக்கத்து அறைப் பொடியன், கலியாணப் பெண்ணின் சேலைத் தலைப்பைப் பிடிப்பது போல அதன் வயரைப் பிடித்தபடி வந்தான். அதற்குப் பின்னால் நான், வீடியோ பிளேயரோடு. அதன் வயிற்றுக்குள் ஒரு கசெட் சிக்கியிருந்தது. மாமா கரண்டிக் காம்பால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை. ஆனால் பொத்தானை அமத்தியதும் ஓடியது!

அன்றைக்கே அவருக்கு வீடியோ மாமா என்று பெயர் வந்துவிட்டது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். அதை வெளியே எடுக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய சாப்பாட்டுக் கடையின் பெரிய அறையில், எல்லோரும் அதையே பார்த்தோம்.

என்ன படம் என்று கேட்காதீர்கள், பெயர் தெரியாது. ஆனால் ஒவ்வொரு காட்சியும் என் கண்ணுக்குள் இருக்கிறது. மழை. சேற்று வீதி. நான்கு கறுப்புக் குதிரைகள் பூட்டிய வண்டி பறந்து வருகிறது. வண்டிக்காரன் சவுக்கை வீசுகிறான். வளைவு திரும்பியதும் வீதியின் நடுவில் ஒரே ஒரு குதிரை! அதன் மேல் கறுத்த துணியால் முகத்தை மூடிய ஒரு நெடியவன். இரண்டு கையிலும் துப்பாக்கி. "ஹால்ட்!" என்கிறான். பின்னால் இன்னொரு குதிரையில் அவனுடைய கூட்டாளியான குள்ளன், ஏறுவதற்குள் இரண்டு தரம் விழுகிறவன். வண்டிக்குள்ளிருந்து இங்கிலாந்துப் பிரபுக்கள் வெள்ளைப் பொய்முடியும் பட்டுச் சட்டையுமாக ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். எங்கள் பெட்டியின் இடது பாதி பழுதாகிப் பச்சையாகத் தெரியும். ஆகவே பிரபுக்கள் பச்சையாக இறங்கி, நடுவுக்கு வந்ததும்தான் மனித நிறம் ஆவார்கள். பயத்தில் பச்சையாகிறார்கள் என்று நான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படம் இங்கிலாந்துக் கதை. ஆனால் பேச்செல்லாம் டொச்சு, ஜெர்மன் மொழி. எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. அங்கேதான் வீடியோ மாமா எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். நான்கு வருடமாக ஜெர்மனியில் இருக்கிறவர் அவர் ஒருவர்தான். நெடியவன் வாயைத் திறக்க, இவரும் திறந்தார்.

"ஐயா, சிரமத்துக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. கீழ இறங்குங்கோ. அம்மா, நீங்களும் பாத்து இறங்குங்கோ, சேறு."

அறை முழுவதும் சிரிப்பு. கொள்ளைக்காரனாக இருந்தாலும் மரியாதை குறையாதவன்! அந்த ஒரு வார்த்தையில் நெடியவன் எங்கள் ஆளாகிவிட்டான்.

"இந்தக் கொழுத்த பிரபு இருக்கிறானே, இவன்தான் நெடியவன்ர தேப்பன்ர வயலைக் கள்ள உறுதி முடிச்சு எடுத்தவன். குள்ளன் நெடியவன்ர மச்சான். குதிரைக்குப் பயம். ஆனா விசுவாசம்."

மேல்மாடி மாமி ஒருவர் எப்போதும் முன்வரிசையில் இருப்பார். அவருக்கு எதையும் கேட்காமல் விட முடியாது.

"உந்தத் தலையள் என்ன, எல்லாருக்கும் ஒரேயடியா நரைச்சிட்டுதோ?"

"பொய் மயிர் அக்கா. பெரிய ஆக்கள் போடுறது."

"உதுக்குள்ள பேன் பிடிக்காதோ?"

"பிடிக்கும். அதுதான் அந்தச் சீமாட்டி விசிறி வைச்சிருக்கிறா."

சீமாட்டி வண்டிக்குள் இருந்தபடியே நெடியவனிடம் நீளமாக ஏதோ பேசுவாள். மாமா கையைத் தூக்கி, "பொறுங்கோ, முழுக்கச் சொல்லட்டும்" என்பார். அவள் பேசி முடித்ததும், "மோதிரத்தை எடு, சங்கிலியை விடு எண்டுறா" என்பார்.

"அவள் அவ்வளவு நேரம் கதைச்சவள், நீங்கள் ரெண்டு சொல்லோட முடிச்சிட்டியள்!" என்பார் மாமி.

"டொச்சு நீளம் அக்கா. விசயம் கட்டை."

ஒரு கிழமை அந்தச் சீமாட்டி பிரபுவின் மனைவி. அடுத்த கிழமை பிரபுவின் தங்கை. என் தங்கச்சிக்கு அப்போது ஐந்து வயது. அவள்தான் எழும்பிக் கேட்டாள், "மாமா, போன கிழமை பெண்சாதி எண்டனீங்கள்?" மாமா அசரவில்லை. "போன கிழமை நீ சின்னப் பிள்ளை. இப்ப வளந்திட்டாய், உண்மையைச் சொல்றன்" என்றார். அவள் பெருமையோடு உட்கார்ந்துவிட்டாள்.

கசெட்டில் கடைசிக் காட்சி முழுதாக இல்லை. கொள்ளைக்காரர்கள் பிடிபடுவார்கள். தூக்குமேடை. கயிறு. வெள்ளை முடி போட்ட நீதவான் முத்திரை பதித்த பெரிய தாளை விரித்து, ஊர் முழுக்கக் கேட்க அறிவித்தல் வாசிப்பான். நெடியவன் தலையை நிமிர்த்தி ஏதோ சொல்ல வாயெடுப்பான். அத்தோடு பெட்டியில் இரைச்சலும் வெள்ளைப் புள்ளிகளும்தான். அந்தப் புள்ளிகளுக்கு முன்னால் நின்று மாமா முடிவைச் சொல்வார். ஒரு ஞாயிறு சீமாட்டி கயிற்றை அறுப்பாள். ஒரு ஞாயிறு குள்ளன், விழாமல் முதன்முதலாகக் குதிரை ஏறி வந்து மீட்பான். நாங்கள் கைதட்டுவோம். அடுத்த ஞாயிறு என்ன முடிவு வரப்போகிறது என்று திங்கட்கிழமையே சண்டை தொடங்கிவிடும்.

அவருக்கு டொச்சு எவ்வளவு தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

மற்ற நாட்களில் நாங்கள்தான் கொள்ளைக்காரர்கள். ஹைமுக்குக் கீழே வீதி வளைகிற இடத்தில் ஒரு முதிய அப்பிள் மரம் நின்றது. அதுதான் எங்கள் காடு. யாரோ எறிந்த குழந்தை வண்டில்தான் பிரபுக்களின் வண்டி. தங்கச்சி கிழிந்த மெத்தைப் பஞ்சைத் தலையில் ஒட்டிக்கொண்டு சீமாட்டியாக அதற்குள் இருப்பாள். பக்கத்து அறைப் பொடியன் குள்ளன். திரைச்சீலைக் கம்பியைத் தாங்கும் பித்தளைக் கொளுக்கிகள் இரண்டு என் துப்பாக்கிகள். முகமூடிக்கு அம்மாவின் கறுத்த துணி ஒன்று கிடைத்தது. அது அவர் சரக்குத்தூள் தகரத்தின் வாயைக் கட்டி வைத்த துணி. கட்டிய உடனே கண் எரியும், மூக்கு ஓடும். மூன்று தும்மல் தும்மிவிட்டுத்தான் "ஹால்ட்!" சொல்வேன். உலகத்திலேயே தும்மிக்கொண்டு கொள்ளையடித்தவன் நான் ஒருவன்தான்.

நான் சிறு வயதிலிருந்தே கூச்சக்காரன். யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டால் என் பெயர்கூட எனக்கு மறந்துவிடும். ஆனால் அந்தத் துணியைக் கட்டினால் எங்கிருந்தோ ஒரு குரல் வரும். என் அம்மாவே ஒருமுறை யன்னலால் எட்டிப் பார்த்து, "ஆரடா அது சத்தம் போடுறது?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு கவலை. நான் ஊரில் ஐந்தாம் வகுப்பு முடித்து வந்தவன், வந்து எட்டு மாதமாக மரத்தடியில் நிற்கிறேன். அப்பா அப்போது கொழும்பில் வர வழியில்லாமல் காத்திருந்தார். தொலைபேசியில் அவர் கேட்கிற முதல் கேள்வி, "பெடியனைப் பள்ளிக்கூடம் விட்டாச்சோ?" என்பதுதான். அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் ஹைம் பிள்ளைகள் பள்ளிக்குப் போயே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போய்க் கேட்டால் உண்டு. கேட்காவிட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள். தேவாலயத்திலிருந்து உடுப்புகள் கொண்டுவரும் ஒரு வயதான பெண்மணி அம்மாவின் கவலையைச் சைகையிலேயே புரிந்துகொண்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சந்திக்க ஒரு டெர்மின், நாளும் நேரமும், எடுத்துத் தந்தார். ஆனால் அந்தக் கிழமை அவருக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. கூட வர முடியவில்லை.

அம்மா நேரே வீடியோ மாமாவிடம் போனார். அவர் சமையலறையில் பருப்புக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஒரு உதவி. வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில டெர்மின். நீங்கள்தான் வந்து கதைச்சுத் தரவேணும்."

மாமாவின் கரண்டி நின்றது. "தங்கச்சி, உந்தப் பள்ளிக்கூடக் கதை எனக்குச் சரிப்பட்டு வராது."

"அந்த நீதவான் எவ்வளவு கதைச்சவன்! அதையே பிசகாமல் சொன்னனீங்கள். வாத்தியார் என்ன, அவனை விடப் பெரிய ஆளோ?"

"படம் வேற, இது வேற..."

"உவர் கெப்பர் விடுறார். உவரைக் கெஞ்ச வேணுமாம்" என்றார் மேல்மாடி மாமி, வெங்காயம் உரித்தபடி.

மாமா எங்களைப் பார்த்தார். நானும் தங்கச்சியும் பொடியனும் கதவில் வரிசையாக நின்றோம். அவர் என்ன நினைத்திருப்பார் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. 'எனக்கு டொச்சு தெரியாது' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நெடியவன் போய்விடுவான். அந்த ஹைமில் வேறு எதுவும் இல்லை.

"சரி, வாறன்" என்றார். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

வியாழக்கிழமை மாமா கோட்டுப் போட்டு வந்தார். தலைமை ஆசிரியர் பெரிய மீசைக்காரர். மேசையில் உலக உருண்டை ஒன்று இருந்தது. அறையில் வெண்கட்டி மணம். என் ஊர்ப் பள்ளிக்கூட மணமேதான்!  அவர் எழுந்து வந்து முதலில் எனக்குக் கை தந்தார். இந்த நாட்டில் எனக்குக் கை தந்த முதல் பெரியவர் அவர்தான். பிறகு அவர் பேசினார். மாமா "யா, யா" என்றார். அவர் இன்னும் பேசினார். மாமா "கெனவ்", அதேதான், என்றார். அவர் சிரித்தார். மாமாவும் சிரித்தார். பிறகு அவர் ஒரு தாள் எடுத்து, எங்களுக்கு விளங்க வேண்டும் என்றுதானோ, பெரிய பெரிய எழுத்தில் எழுதி, கீழே முத்திரை குத்தினார். கடைசியாக என்னைப் பார்த்து ஒரு கையில் ஐந்து விரலும் மறுகையில் மூன்று விரலும் விரித்துக் காட்டினார். எட்டு.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார், "என்னவாம் அண்ணை?"

மாமா நெற்றியைத் துடைத்தார். "நல்ல மனிசன்."

"அது எனக்கும் தெரியுது. என்னவாம்?"

"கடிதம் வருமாம் தங்கச்சி. தபாலில. எட்டுக் கிழமை செல்லுமாம்."

"அப்ப இந்தத் துண்டு?"

"இது நாங்கள் வந்து போனதுக்கு. எல்லா இடத்திலயும் தாறதுதானே."

அம்மா தாளைப் பார்த்தார். அதிலும் 8 என்று போட்டிருந்தது. "ஓம், எட்டு எண்டுதான் கிடக்கு" என்றார். மாமாவைக் குறை சொல்ல முடியாது, நீங்களே யோசித்துப் பாருங்கள். அதுவரை நாங்கள் போன எந்த அலுவலகமும் 'காத்திருங்கள், கடிதம் வரும்' என்பதைத் தவிர வேறென்ன சொன்னது? முத்திரை குத்திய துண்டு ஒன்று தருவார்கள், நாங்கள் வீட்டுக்குப் போய்க் காத்திருப்போம். ஒரு ஜெர்மன்காரர் சிரித்து, கை தந்து, உடனே ஓம் என்று சொல்வார் என்று எங்களில் யாருக்கும் நினைக்கவே வரவில்லை.

அந்த ஞாயிறு வீடியோ மாமா சொன்ன முடிவை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நெடியவன் கழுத்தில் கயிறு. நீதவான் கையைத் தூக்குகிறான். பெட்டி இரைகிறது. மாமாவின் குரல் கிளம்பியது. "அந்த நேரம் பாத்து, தூரத்தில குதிரைச் சத்தம்! ஆர்? ராசான்ர ஆள்! கையில என்ன? கடிதம்! 'நிப்பாட்டுங்கோ! இவையை விடச்சொல்லி ராசா எழுதியிருக்கிறார்!'" நாங்கள் கதிரைகளில் ஏறிக் குதித்தோம். மாமா என்னைப் பார்த்துச் சொன்னார், "கடிதம் வந்தே தீரும், மருமோன்."

அம்மா நன்கொடையாக வந்த பழைய நீலக் காற்சட்டையின் காலை வெட்டி எனக்கு ஒரு பள்ளிக்கூடப் பை தைத்தார். அதன் பொத்தான்கூடக் காற்சட்டைப் பொத்தான்தான். அந்தத் துண்டைப் பத்திரமாக வைக்க அவருக்குத் தோன்றவில்லை, வந்து போனதற்கான துண்டுதானே. நான் அதைக் கேட்டேன். தந்துவிட்டார்.

எனக்கு அது ஏன் தேவை என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். முத்திரை! பெரிய எழுத்து! எங்கள் விளையாட்டில் இல்லாமலிருந்த ஒரே பொருள் நீதவானின் அறிவித்தல்தான். இரண்டு ஆணியால் அதை அப்பிள் மரத்தில் அறைந்தேன். வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஊரில் படித்த ஆங்கில எழுத்துகள் எனக்குத் தெரியும். ஆகவே முகமூடியைக் கழற்றிவிட்டு, தங்கச்சியின் பஞ்சை வாங்கி என் தலையில் வைத்து, என்னைப் பிடிப்பதற்கான அறிவித்தலை நானே எழுத்துக் கூட்டி முழங்கினேன்.

"மொன்டாக்! எட்டு உஹர்! டுர்ன்பியூடெல்!"

தங்கச்சி நடுங்குவாள். பொடியன், "ஐயோ, டுர்ன்பியூடெல் வேண்டாம்!" என்று மண்டியிட்டு அழுவான். நான் மறுபடி ஓடிப்போய்த் துணியைக் கட்டி, தும்மி, வந்து அவனை மீட்பேன். நாள் தவறாமல். பிறகு அதைப் பாட்டாகவே பாடினோம். மொன்டாக், எட்டு உஹர், மொன்டாக், எட்டு உஹர்! கொள்ளையடித்த அப்பிள்களையெல்லாம் நீலப் பைக்குள் போட்டோம்.

எட்டுக் கிழமை கழிந்தது. கடிதம் வரவில்லை. அம்மா ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று, மஞ்சள் காரில் வரும் தபால்காரப் பெண்ணிடம் "பிரீஃப்?" என்று கேட்பார். கடிதம் என்பதற்கான அந்தச் சொல் ஹைமில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் இல்லை என்று தலையை ஆட்டுவார். ஒன்பதாவது கிழமை, அம்மா கேட்டுவிட்டுத் திரும்பியபோது நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு முடிவெடுத்தேன். கடிதம் தபாலில் இருக்கிறது. யாரோ அதை வைத்துக்கொண்டு தர மறுக்கிறார்கள். வேறென்ன? வழிமறிக்க வேண்டியதுதான்!

மறுநாள் வளைவில் குழந்தை வண்டிலைக் குறுக்கே விட்டோம். நான் மரத்துக்குப் பின்னால். பொடியன் புல்லுக்குள். மஞ்சள் கார் உறுமிக்கொண்டு மேடு ஏறுகிற சத்தம் கேட்டது. என் காதுக்குள் நான்கு குதிரைகளின் குளம்படி கேட்டது. சத்தியமாகக் கேட்டது! கார் நின்றது. நான் பாய்ந்து வீதியின் நடுவில் நின்றேன்.

"ஹால்ட்! பிரீஃப்!"

தபால்காரப் பெண் ஒரு கணம் திகைத்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். "ஓ! ஓ!" என்று பயந்தது போல நடித்தார். நல்ல மனுசி. தன் பையைத் திறந்து எனக்குக் காட்டினார். நான் ஒவ்வொரு உறையாகப் பார்த்தேன். எங்கள் பெயர் ஒன்றிலும் இல்லை. அவர் எனக்குக் கட்டு நிறைய ரப்பர் வளையங்களும், தங்கச்சிக்குப் படம் போட்ட விளம்பரப் புத்தகம் ஒன்றும் கப்பமாகத் தந்தார். பொடியன் வெற்றி வெற்றி என்று கத்திக்கொண்டு உருண்டான்.

அப்போதுதான் அவர் மரத்தைப் பார்த்தார். கிட்டப் போனார். அறிவித்தலை வாசித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஆணிகளைப் பிடுங்கித் தாளைக் கையில் எடுத்து, என்னைக் காட்டினார், தாளைக் காட்டினார், கீழே ஊர்ப் பக்கம் காட்டினார். வேகமாக ஏதோ கேட்டார். கையை நீட்டி என் முகத்திலிருந்து துணியை மெதுவாக இறக்கினார். துணி இறங்கியதும் என் குரலும் போய்விட்டது. முத்திரை குத்திய அரசாங்கத் தாளை மரத்தில் அறைந்தவன் நான். பொலிஸ்தான் வரும். ஓடினேன்! அவர் பின்னால் கூப்பிடுவது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டுக்குப் பின்னாலிருந்த வைக்கோல் கொட்டிலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மிச்சத்தைத் தங்கச்சி சொன்னாள். தபால்காரப் பெண் ஹைமுக்கே போனாராம். வாசலில் வீடியோ மாமா நின்றாராம். தாளைக் காட்டி அவரிடம் நிறையச் சொன்னாராம். மாமா, "யா, யா, கெனவ்" என்றாராம். அவர் நிம்மதியாகச் சிரித்து மாமாவின் தோளில் தட்டிவிட்டுப் போனாராம்.

"என்னவாம்?" என்று அம்மா மாமாவைக் கேட்டபோது நானும் வந்துவிட்டேன்.

"பிள்ளையளை வீதியில விளையாட விடவேண்டாமாம்."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு நான் அதைக் காணவில்லை.

அடுத்த இரண்டு கிழமைக்குள் எங்கள் குடும்பத்தை வேறு ஹைமுக்கு மாற்றினார்கள். உடுப்புக் கொண்டுவரும் பெண்மணி அப்போதும் நடக்கத் தொடங்கவில்லை. புதிய இடம் காட்டுக்குள். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வகுப்பு நடந்தது. தங்கச்சி போனாள், நன்றாகப் படித்தாள். எனக்கு அம்மா சொன்னார், "பொறு, உன்ர கடிதம் இங்க மாத்தி வரும்." நானும் பொறுத்தேன். நீலப் பையில் உருளைக்கிழங்கு வைத்தோம்.

பதினேழு வயதில் ஸ்டுட்கார்ட்டில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். டொச்சு காதால் வந்துவிட்டது, கண்ணால் வரவில்லை. ஒரு நாள் சமையற்காரர், அடுத்த கிழமை யார் எப்போது வரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். என் பெயருக்கு நேரே இருந்த எழுத்துகளைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பாடியது. "மொன்டாக்! எட்டு உஹர்!"

சமையற்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "மோன்டாக், அஹ்ட் ஊர்" என்று திருத்தினார். திங்கட்கிழமை, எட்டு மணி. காதுக்குப் பழகின சொற்கள்தான். அந்த எழுத்துகள்தான் அந்தச் சொற்கள் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனேன். மற்றச் சொல்லையும், அந்த டுர்ன்பியூடெலையும், எழுத்துக் கூட்டிக் காட்டிக் கேட்டேன். "அதுவா? பள்ளிக்கூடத்தில விளையாட்டு உடுப்புக் கொண்டுபோற பை" என்றார் டொச்சில். "ஏன் கேட்கிறாய்?"

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம்புங்கள். கொள்ளைக்காரன் தன் புதையலைத் தானே மரத்தில் அறைந்து, தானே காவல் காத்து, அதைத் தேடித் தபால்காரியை வழிமறித்தானே! நாங்கள் காத்திருந்த கடிதம் ஒன்பது கிழமையாக அந்த மரத்தில் இருந்தது. அதை நான் ஊர் கேட்க ஒவ்வொரு நாளும் வாசித்தேன். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். அன்றைக்கு நிறையக் கழுவினேன்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவர் அதைத் தாங்கமாட்டார்.

இற்றைக்குப் பதினைந்து வருடம் இருக்கும், டுசல்டோர்ஃபில் ஒரு கலியாணம். சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல், "எட, முகமூடி!"

திரும்பினேன். வீடியோ மாமா. தலை முழுக்க நரை, காதில் கருவி. அந்த வெள்ளைத் தலை நீதவானின் பொய்முடி போலவே இருந்தது. என் கையைப் பிடித்தார், விடவில்லை. அம்மாவைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கவில்லை. முதல் கேள்வியே இதுதான்.

"அந்தக் கடிதம்... பிறகு வந்ததோ மருமோன்?"

என்னைச் சுற்றி நாதஸ்வரம், பிள்ளைகள், தட்டுச் சத்தம். என் முகத்தில் துணி இல்லை. ஆனால் எங்கிருந்தோ அந்தப் பழைய குரல் வந்தது.

"வந்தது மாமா. நீங்கள் சொன்ன மாதிரித்தான். கொஞ்சம் பிந்தி வந்தது."

"மெய்யே?"

"ஓம். மற்ற ஹைமுக்கு மாத்தி வந்தது. அடுத்த திங்கட்கிழமையே போனன். எட்டு மணிக்கு. அம்மா தைச்ச நீலப் பையோட. அந்த வாத்தியார் மாதிரியே ஒரு மீசைக்கார வாத்தியார். உலக உருண்டையைச் சுத்தி, உன்ர ஊர் எங்க, காட்டு எண்டார். காட்டினன். எல்லாரும் கைதட்டினவங்கள்." நிறுத்த முடியவில்லை. வகுப்புத் தோழர்கள் வந்தார்கள், பரீட்சை வந்தது, விளையாட்டுப் போட்டியில் ஒரு கோப்பைகூட வந்தது. இவ்வளவு பேச்சு என் வாழ்நாளில் நான் பேசியதில்லை.

மாமா ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டார்.  நான் முடித்ததும் என் கை விரல்களைத் தடவிப் பார்த்தார். கத்தி வெட்டிய தழும்புகள், எண்ணெய்ச் சூடு. கண் கலங்கியது, ஆனால் சிரித்தார்.

"நல்லா இருக்கு" என்றார். "முடிவை மட்டும் மாத்தாதை, மருமோன்."

மாற்றவில்லை. அவர் இருக்கும்வரை யாரிடமும் நான் மாற்றிச் சொல்லவில்லை. அம்மா போய் ஆறு வருடம். மாமா போன மாதம் போய்விட்டார். நெடியவன் குதிரையில் வருவது போல அந்த ஞாயிற்றுக்கிழமைகள் பாய்ந்து வருகின்றன. இனி எழுதலாம் என்று தோன்றியது. எங்கள் உணவகத்துக்கு இன்று விடுமுறை.

21 ஒக்டோபர் 2024, திங்கட்கிழமை. எழுத உட்கார்ந்தது காலை எட்டு மணிக்கு.